நிறுவப்பட்டமைக்குத் தடயம் எது? மையப்படுத்திய மென்பொருள் பரவலில் கண்டறிதல் விதிகளும் பழுதறிதலும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரே இடத்திலிருந்து பல கணினிகளுக்கு மென்பொருளை அனுப்பும் மேலாண்மை அமைப்புகள், ஒரு செயலி ஒரு கணினியில் ஏற்கெனவே உள்ளதா என்பதைக் கண்டறிதல் விதியின் துணையால் முடிவு செய்கின்றன. விதி பிழைபட்டால் இருக்கும் செயலி இல்லாததாகவும், இல்லாத செயலி இருப்பதாகவும் அறிக்கையில் பதிவாகும். விண்டோஸ் இயங்குதளத்தில் இவ்விதிகள் செயற்படும் முறையையும், அவை பிழைபடும் சூழல்களையும், பழுதை நாடும் வரிசையையும் இக்கட்டுரை விளக்குகிறது. பழுதுகளில் பெரும்பகுதி தடயத்தின் குறைபாட்டால் மட்டும் எழுவதில்லை. அத்தடயத்தை எந்தக் கணக்கிலிருந்து, எந்த நோக்கில், எந்த நேரத்தில் தேடுகிறோம் என்பதாலும் எழுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மென்பொருள் பரவல், கண்டறிதல் விதி, பதிவகம், விண்டோஸ் இன்ஸ்டாலர், இன்ட்யூன், பழுதறிதல்

1. முன்னுரை

பல்கலைக்கழகம், வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு நேரில் சென்று மென்பொருள் நிறுவுவது நடைமுறையில் இயலாது. எனவே மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன், கான்ஃபிகரேஷன் மேனேஜர் போன்ற அமைப்புகள் பயன்படுகின்றன. நிர்வாகி செயலியைத் தொகுப்பாக்கி, அது எந்தெந்தக் கணினிகளுக்கு உரியது என ஒதுக்குகிறார். ஒவ்வொரு கணினியிலும் இயங்கும் முகவர் மென்பொருள் அத்தொகுப்பைப் பெற்று நிறுவி, முடிவை மையத்திற்குத் தெரிவிக்கிறது.

இவ்வமைப்புகளில் அடிக்கடி காணப்படும் ஒரு முரண் உண்டு. பயனரின் கணினியில் செயலி குறையின்றி இயங்கிக்கொண்டிருக்கும். நிறுவல் வெற்றியுடன் முடிந்த பின்னும் செயலி கண்டறியப்படவில்லை என்று மைய அறிக்கை கூறும். நிறுவல் கோப்பில் பழுது இருப்பதாகக் கருதி அதனை மீண்டும் மீண்டும் தொகுப்பதால் இம்முரண் தீர்வதில்லை.

தமிழில் ‘நிறுவுதல்’ என்னும் சொல் அமைத்தலையும் மெய்ப்பித்தலையும் குறிக்கும். மென்பொருள் பரவலில் இவ்விரண்டும் தனித்தனிச் செயல்கள். செயலியை அமைப்பது நிறுவல் கட்டளை. அமைந்ததை மெய்ப்பிப்பது கண்டறிதல் விதி. முகவர் செயலியைத் திறந்து பார்ப்பதில்லை. அது விட்டுச் சென்ற தடயத்தையே பார்க்கிறது. அளவை நூலார் வழக்கில் சொன்னால், இது காட்சியளவை அன்று, கருதலளவை.

2. விதி செயற்படும் முறை

கட்டாயமாக ஒதுக்கப்பட்ட செயலியொன்றில் கண்டறிதல் இருமுறை நிகழ்கிறது. முதலில், நிறுவலுக்கு முன் விதி சோதிக்கப்படும். தடயம் கிடைத்தால் செயலி ஏற்கெனவே உள்ளதெனக் கொண்டு முகவர் நிறுவலைத் தவிர்க்கும். தடயம் இல்லையெனில் நிறுவல் கட்டளை இயங்கும். அது முடிந்தபின் அதே விதி மீண்டும் சோதிக்கப்படும்.

நிறுவல் கட்டளை தரும் முடிவுக் குறியீடு இங்குத் துணைச்சான்று மட்டுமே. 0 வெற்றியையும், 3010 மறுதொடக்கம் தேவைப்படும் வெற்றியையும், 1641 மறுதொடக்கம் தூண்டப்பட்ட வெற்றியையும், 1618 வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருப்பதையும் குறிக்கும். குறியீடு 0 எனக் கிடைத்தாலும், அதன்பின் விதி தடயத்தைக் காணாவிடில் நிறுவல் தோல்வியாகவே பதிவாகும்.

நீக்குவதற்கான ஒதுக்கீட்டில் இந்த ஏரணம் தலைகீழாகிறது. அங்குத் தடயம் இல்லாமையே வெற்றி. ஆகவே விதி செயலியைக் காணத் தவறினால் நீக்கும் கட்டளை இயங்குவதே இல்லை. செயலி நீங்கியதாக அறிக்கை மட்டும் கிடைக்கும்.

3. தடயங்களின் வகையும் தகுதியும்

இன்ட்யூனில் நால்வகைத் தடயங்களைப் பயன்படுத்தலாம்.

முதலாவது, எம்எஸ்ஐ தொகுப்பின் தயாரிப்புக் குறியீடு. விண்டோஸ் இன்ஸ்டாலர் தன் பேரேட்டில் வைத்திருக்கும் குறியீடு ஆதலால் இது நம்பகமானது. ஆயினும், பெரும் மேம்படுத்தலின்போது இக்குறியீடு மாறும். மேம்படுத்தல் குறியீடு மாறாது. பழைய பதிப்பின் தயாரிப்புக் குறியீட்டை மட்டும் தேடும் விதி, புதிய பதிப்பு உள்ள கணினியில் செயலியே இல்லை எனக் கூறும்.

இரண்டாவது, கோப்பு அல்லது கோப்புறை. இதனை எளிதில் எழுதலாம். எளிதில் ஏமாறவும் கூடும். செயலியை நீக்கிய பின்னும் அமைவுக் கோப்புகளோடு வெறும் கோப்புறை எஞ்சியிருப்பது வழக்கம். கோப்புறையின் இருப்பை மட்டும் நோக்கும் விதி அதனைச் செயலியாகவே கொள்ளும். முதன்மை இயங்குகோப்பையும் அதன் பதிப்பு எண்ணையும் சேர்த்து நோக்குவது இதனினும் உறுதியானது.

மூன்றாவது, ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவகம். நிறுவப்படும் செயலிகள் பெரும்பாலும் அங்குள்ள ‘அன்இன்ஸ்டால்’ கிளையில் பெயரையும் பதிப்பையும் பதிகின்றன.

நான்காவது, பவர்ஷெல் ஸ்கிரிப்ட். ஏனைய மூன்றும் போதாதபோது இதனை நாடலாம். இதற்குத் தனி இலக்கணம் உண்டு: முடிவுக் குறியீடு 0 ஆக இருக்க வேண்டும், வெளியீட்டில் ஏதேனும் ஓர் எழுத்துத்தொடரும் வர வேண்டும். இரண்டும் அமைந்தால் செயலி உண்டெனக் கொள்ளப்படும். அத்தொடரின் பொருளை முகவர் ஆராய்வதில்லை. ஆகவே செயலி இல்லாதபோது ‘நிறுவப்படவில்லை’ என அச்சிட்டு 0 உடன் முடியும் ஸ்கிரிப்ட், செயலி உள்ளதென்றே சான்று பகரும். இல்லாமையைத் தெரிவிக்க எதையும் அச்சிடாதிருத்தலே முறை.

ஒரு செயலிக்குப் பல விதிகள் தரப்படும்போது அவை அனைத்தும் நிறைவேற வேண்டும் என்பதே இன்ட்யூனின் நடைமுறை. ‘இதுவோ அதுவோ இருந்தால் போதும்’ என்னும் எண்ணத்தில் இரண்டு விதிகளைச் சேர்த்தால் கண்டறிதல் தவறும். அத்தகைய தேவைக்கு ஸ்கிரிப்டே வழி.

4. நோக்குநிலையால் எழும் பழுதுகள்

தடயம் சரியாக இருந்தும் கண்டறிதல் தவறும் நிகழ்வுகளே நிர்வாகிகளை மிகுதியும் குழப்புகின்றன. ஒரே கணினி, பார்ப்பவரின் நிலைக்கேற்ப வேறுபட்டுத் தோன்றுவது இதற்குக் காரணம்.

4.1 கணக்கு

மைய நிறுவல்கள் பெரும்பாலும் ‘சிஸ்டம்’ என்னும் உட்கணக்கில் இயங்குகின்றன. சில செயலிகளோ பயனரின் சொந்தக் கோப்புறையில் நிறுவப்படுகின்றன. விஷுவல் ஸ்டுடியோ கோட் செயலிக்குப் பயனர் அளவிலான நிறுவி, கணினி அளவிலான நிறுவி என இரண்டு இருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. சிஸ்டம் கணக்கில் இயங்கும் ஸ்கிரிப்ட், ‘நடப்புப் பயனர்’ என்னும் பதிவகக் கிளையை நோக்கினால் அது காண்பது சிஸ்டம் கணக்கின் கிளையையே. கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் கிளையை அன்று. அதுபோலவே பயனர் கோப்புறையைக் குறிக்கும் சூழல் மாறியும் சிஸ்டம் கணக்கின் சொந்தக் கோப்புறையைச் சுட்டும். நிர்வாகி தம் கணக்கில் ஸ்கிரிப்டை இயக்கிப் பார்த்து அது சரியாக உள்ளதென முடிவு செய்வது இதனாலேயே சான்றாகாது.

4.2 32 பிட்டும் 64 பிட்டும்

64 பிட் விண்டோஸ், 32 பிட் செயலிகளுக்குத் தனிப் பதிவக நோக்கையும் தனி நிரல் கோப்புறையையும் வழங்குகிறது. 32 பிட் செயலி ‘சாஃப்ட்வேர்’ கிளையில் எழுதுவதாகக் கருதும் குறிப்பு, உண்மையில் ‘வாவ்6432நோட்’ என்னும் உட்கிளையில் சேரும். இன்ட்யூனின் முகவர் 32 பிட் செயலாக்கமாகும். அது அழைக்கும் நிறுவல் கட்டளை பவர்ஷெல்லை இயல்பான பாதையில் இயக்கினால் 32 பிட் பவர்ஷெல்லே திறக்கும். அது எழுதும் பதிவகக் குறிப்பு 32 பிட் நோக்கில் அமையும். கண்டறிதல் விதியோ, வேறு தேர்வு செய்யாதவரை, 64 பிட் நோக்கில் தேடும். எழுதியவர் ஓர் அறையில் எழுத, தேடுபவர் மற்றோர் அறையில் தேடும் நிலை இது. எழுதுவதையும் தேடுவதையும் ஒரே நோக்கில் அமைத்தால் பழுது நீங்கும்.

5. பதிப்பும் காலமும்

உலாவி போன்ற செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. பதிப்பு ‘சமம்’ எனக் கோரும் விதி, செயலி புதுப்பித்துக்கொண்ட நாளிலேயே பொய்யாகிவிடும். அப்போது முகவர் பழைய பதிப்பை மீண்டும் நிறுவ முயலும். முயற்சி தோற்கும் அல்லது செயலி பின்தள்ளப்படும். ‘சமம் அல்லது மேல்’ என ஒப்பிடுவது இதற்குத் தீர்வு.

ஒப்பீடு எண்முறையில் நிகழ்கிறதா என்பதும் நோக்கத்தக்கது. ஸ்கிரிப்டில் பதிப்பு எண்களை வெறும் எழுத்துத்தொடராக ஒப்பிட்டால், முதல் எழுத்தே முடிவைத் தீர்மானிக்கும், 10.0 என்பது 9.0 என்பதைவிடச் சிறியதாகிவிடும். 9ஆம் பதிப்புவரை சரியாக இயங்கிய விதி, 10ஆம் பதிப்பு வந்ததும் திடீரெனத் தவறுவது இதனால்தான்.

சில நிறுவிகள் உண்மையான பணியை வேறொரு செயலாக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் உடனே முடிந்துவிடுகின்றன. முகவர் அக்கணமே விதியைச் சோதிப்பதால் தடயம் இன்னும் தோன்றியிராது. சிறிது நேரம் கழித்துப் பார்க்கும் நிர்வாகிக்கோ எல்லாம் சரியாகவே தெரியும். நிறுவி முழுமையாக முடியும்வரை காத்திருக்கும் வகையில் கட்டளையை அமைப்பதே இதற்கு வழி.

6. இருவகைப் பிழையின் விளைவுகள்

இருப்பதை இல்லையெனக் கூறும் பிழை வெளிப்படையானது. மீண்டும் மீண்டும் நிறுவல் நடக்கும், திறந்திருக்கும் செயலி மூடப்படக்கூடும், பயனர் முறையிடுவார். ஆகவே அது விரைவில் கவனத்திற்கு வரும்.

இல்லாததை இருப்பதாகக் கூறும் பிழை அமைதியானது. யாரும் முறையிடுவதில்லை; அறிக்கை முழு வெற்றியைக் காட்டும். பாதுகாப்புத் திருத்தமோ நச்சுநிரல் தடுப்பானோ இவ்வாறு தவறவிடப்பட்டால், காப்பற்ற கணினி காக்கப்பட்டதாகவே கணக்கில் இருக்கும். ஐயம் எழும்போது விதியைத் தளர்த்திப் ‘பச்சை நிறம்’ பெறுவது எளிது. எனினும் அது முதல்வகைப் பிழையை இரண்டாம் வகையாக மாற்றுவதேயன்றித் தீர்வாகாது.

7. பழுதை நாடும் வரிசை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் வரிசை பெறப்படுகிறது.

அ. நிறுவலையும் கண்டறிதலையும் பிரித்தறிக. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் கண்டறிதலை ‘ஆப்டிஸ்கவரி’ பதிவேடும், நிறுவலை ‘ஆப்என்ஃபோர்ஸ்’ பதிவேடும் காட்டும். இன்ட்யூனில் முகவரின் பதிவேடுகள் ‘புரோகிராம்டேட்டா’ கோப்புறையின்கீழ் உள்ளன. கட்டளை 0 அளித்தபின் தோல்வி பதிவாகியிருப்பின் விதியையே முதலில் ஐயுற வேண்டும்.

ஆ. தடயத்தைக் கணினியில் நேரில் காண்க. விதியில் எழுதிய பாதை, பெயர், பதிப்பு ஆகியவற்றை உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுக.

இ. முகவரின் நோக்குநிலையை மீளப் படைத்திடுக. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் பிஎஸ்எக்ஸெக் கருவியால் சிஸ்டம் கணக்கில் ஆணைச்சாளரம் திறந்து, விதிக்குரிய பிட் அளவில் ஸ்கிரிப்டை இயக்குக.

ஈ. எதிர்ச்சோதனை செய்க. செயலி அறவே இல்லாத கணினி, பழைய பதிப்புள்ள கணினி, நீக்கப்பட்ட பின் எச்சம் உள்ள கணினி ஆகிய மூன்றிலும் விதி ‘இல்லை’ எனக் கூற வேண்டும்.

உ. மறுமுயற்சிக்குரிய காலத்தைக் கருதுக. இன்ட்யூன் முகவர் தொடர்ந்து சில முறை தோற்றபின் ஏறத்தாழ 24 மணி நேரம் இடைவெளி விடும். கணினியில் குறையைச் சரிசெய்த உடனே மாற்றம் தெரியாமையைக் கொண்டு திருத்தம் பயனற்றது என முடிவு செய்தல் கூடாது.

8. முடிவுரை

கண்டறிதல் விதி என்பது, ‘இச்செயலி நிறுவப்பட்டுள்ளது’ என்னும் கூற்றுக்கு நிர்வாகி தரும் வரையறை. நல்ல தடயம் செயலி உள்ளபோது தவறாமல் இருக்க வேண்டும். இல்லாதபோது தவறாமல் நீங்க வேண்டும். தேடும் கணக்கின் பார்வைக்கும் எட்ட வேண்டும். முதல் நிபந்தனையைப் பெரும்பாலோர் சோதிக்கின்றனர். ஏனைய இரண்டும் விடுபடுகின்றன. தொகுப்பை வெளியிடும் முன் எதிர்ச்சோதனையையும் சிஸ்டம் கணக்கில் செய்யும் சோதனையையும் கட்டாயமாக்குவது, பழுது எழுந்தபின் நாடுவதைவிடக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தரும்.