தெரிந்தவர் சொன்னால் நம்பலாமா?

சுன்னாகம் சந்தைக்குப் போகும் பெண்கள் விலையை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. “போன கிழமை இவரிட்டைத்தான் வாங்கினனான், கத்தரிக்காய் நல்லாயிருந்தது” என்று அயல்வீட்டு அக்கா சொன்னால் போதும், நேரே அந்த வியாபாரியிடம் போய்விடுவோம். மிளகாய்த்தூள் அரைக்கும் மில் முதல் சட்டை தைப்பவர் வரை அறிந்தவரின் வாய்ச்சொல்லே எமக்கு வழிகாட்டி. அந்தச் சொல்லுக்குப் பொறுப்பும் இருந்தது. பிழையாகச் சொன்னவரை மறுநாள் வேலியடியில் நின்று கேட்கலாம்.

இன்று அந்த வாய்ச்சொல் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. 1998இல் தொடங்கப்பட்ட கூகுள், ஓர் இணையப் பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்பதை முக்கிய அளவுகோலாகக் கொண்டு தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தியது. அது முன்பின் அறியாதவர்களின் சிபாரிசு. 2009 ஒக்டோபரில், தேடுபவரின் நண்பர்கள் எழுதியவற்றையும் முடிவுகளில் காட்டும் முறையை அந்நிறுவனம் பரீட்சித்தது. 2010 ஏப்ரலில் பேஸ்புக் தனது ‘லைக்’ பொத்தானைப் பிற இணையத்தளங்களிலும் வைக்க வழிசெய்தது. இப்போது பலர் தேடுவதே குறைவு. எதை விரும்பினோம், எதை நின்று பார்த்தோம் என்பதைக் கணித்து, பேஸ்புக்கும் டிக்டொக்கும் நாம் கேளாமலே பொருட்களை எம்முன் வைக்கின்றன.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. நான் பணிபுரியும் பெண்கள் குழுவில் ஒரு சகோதரி மோர்மிளகாயும் ஒடியல்மாவும் செய்து விற்கிறார். அவருக்குக் கடையில்லை, விளம்பரத்துக்குப் பணமுமில்லை. வாங்கிய ஒருவர் வட்ஸ்அப்பில் எழுதிய நல்ல வார்த்தை கனடாவிலுள்ள உறவினர் வரை போய், அவருக்குப் புதிய ஓடர்களைக் கொண்டுவந்தது.

அதே குழுவில் இன்னொன்றும் நடந்தது. முகத்தை வெண்மையாக்கும் கிறீம் ஒன்றின் படத்தை ஒரு பெண் பேஸ்புக்கில் போட்டுப் புகழ்ந்திருந்தார். ஐந்து பேரை வாங்கச் செய்தால் அவருக்கு ஒரு டப்பா இலவசம். அவரை நம்பி வாங்கிய தங்கை ஒருத்தியின் முகம் சிவந்து வீங்கியது. டப்பாவில் சேர்பொருட்களோ செய்தவரின் முகவரியோ இல்லாததால், வைத்தியர் கேட்டபோது அவளால் பதில் சொல்ல முடியவில்லை. “நீங்கள் சொன்னபடியால்தானே அக்கா வாங்கினனான்” என்று அவள் அழுதபோது, அந்தக் கிறீமைத் தான் ஒருநாளும் பூசவில்லை என்பதை மற்றவர் ஒப்புக்கொண்டார். அந்தப் படத்துக்கு நானும் ஒரு லைக் போட்டிருந்தேன்.

இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2025ஆம் ஆண்டுடன் நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் தீர்மானித்தன.

எமது பெயருக்கு வியாபாரிகளிடம் நல்ல விலை உண்டு. 2011இல் பேஸ்புக், பாவனையாளர்கள் போட்ட லைக்கை அவர்களின் பெயருடனும் படத்துடனும் விளம்பரமாக்கி நண்பர்களுக்குக் காட்டியது. அமெரிக்காவில் அதற்கெதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2 கோடி டொலர் இணக்கத் தீர்வுக்கு 2013இல் நீதிமன்றம் அனுமதி வழங்கியது. மறு ஆண்டில் அந்த விளம்பர முறை கைவிடப்பட்டது.

ஆகவே சகோதரிகளே, ஒரு பொருளைச் சிபாரிசு செய்யுமுன் இரண்டு கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். இதை நான் பாவித்தேனா? இதைச் சொல்வதால் எனக்கு ஏதும் கிடைக்கிறதா? கிடைக்கிறதென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாங்கும்போது சேர்பொருள், காலாவதித் திகதி, செய்தவரின் முகவரி ஆகியவற்றைப் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

எமது குழுப் பெண் பின்னர், “பாவிக்காமலே சொல்லிவிட்டேன், வாங்காதீர்கள்” என்று அதே இடத்தில் எழுதினார். முன்னைய படத்துக்குக் கிடைத்த லைக்குகளில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதை எழுதியதே பெரிய காரியம். வேலியடியில் சொன்ன சொல்லுக்கு இருந்த பொறுப்பு, விரல் நுனியால் சொல்லும் சொல்லுக்கும் இருக்கட்டும்.