ஓடி ஒளிய இடமில்லாத தண்ணீர்: சிறிய மீன்தொட்டிக்கு எந்த மீன்களைத் தேர்வது?

எங்கள் வீட்டு மீன்தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நாவலப்பிட்டியில் நாங்கள் இருக்கும் வீட்டின் முன்னறையில் வைத்திருக்கிறோம். அக்காவின் மகள் கேட்டாள் என்றுதான் வாங்கினேன். ஆனால் அதன் முன்னால் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர் அம்மா.

அம்மா இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு, மலையகத்திலிருந்து போன பல குடும்பங்களைப் போல, எங்கள் குடும்பமும் கிளிநொச்சிக்குப் போனது. 2009இல் அங்கிருந்தும் எல்லாவற்றையும் விட்டு நடந்தோம். முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் உறவினர்களை நம்பி இங்கேயே திரும்பி வந்தோம். அம்மாவுக்கு இரவில் தூக்கம் குறைவு. தொட்டி வந்த பிறகு, தூக்கம் வராத வேளைகளில் கதிரையை இழுத்துப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் தடவை நான் நிறத்தைப் பார்த்து மீன் வாங்கினேன். நான்கு டைகர் பார்ப், இரண்டு சோடி கப்பி, சிறிய ஏஞ்சல் ஒன்று, இரண்டு கோல்ட் பிஷ், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் கறுப்பு மீன் ஒன்று. ஐந்தாவது நாள் கப்பிகளின் வால்கள் கிழிந்து நூலாகத் தொங்கின. ஏஞ்சல் வடிகட்டிக்குப் பின்னால் ஒதுங்கி, சாப்பிட வர மறுத்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அது துரத்துது. இதுக்கு ஓட இடமில்ல. ஒண்டு அத எடு, இல்லாட்டி இத எடு. என்னால பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

ஒரு தொட்டியில் எந்த மீன்கள் சேர்ந்து வாழும் என்ற கேள்விக்கு அடிப்படை அதுதான். ஆற்றில் துரத்தப்படும் மீன் வளைவு தாண்டித் தப்பிவிடும். இரண்டடிக் கண்ணாடிக்குள் அது முடியாது. கடிபட்ட காயத்தால் மட்டுமல்ல, ஓயாத பயத்தால் நோய் எதிர்ப்பு குறைந்தும் மீன் சாகும். ஆகவே வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். நான் பிந்திக் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தண்ணீர்

மீனைத் தெரிவுசெய்ய முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், சவர்க்காரம் நுரைக்கத் தயங்கும். இது கடின நீர். இலண்டனில் இருப்பவர்களின் குழாய்த் தண்ணீரும் இந்த வகைதான். கப்பி, மொலி, பிளட்டி, சுவார்ட் டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு இது நல்ல தண்ணீர்.

நாவலப்பிட்டியில் கதை வேறு. மழை அதிகம், பாறை வேறு, ஓடை நீரில் சுண்ணாம்பு குறைவு. இந்த மென்னீரில் மொலி விரைவில் தளர்ந்துவிடும். பார்ப், ரஸ்போரா, டெட்ரா, கொரிடோராஸ் ஆகியவை இதில் நலமாக இருக்கும். குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்கழி, தை இரவுகளில் எங்கள் தொட்டியின் வெப்பமானி 20 பாகை செல்சியசுக்கு இறங்குகிறது. ஏஞ்சல், பைட்டர் போன்றவை 25 பாகைக்கு மேல் இருந்தால்தான் சுறுசுறுப்பாக இருக்கும். சூடாக்கி இல்லாமல் அவற்றை இங்கே வைத்திருப்பது அவற்றுக்குத் துன்பம்.

வளர்ந்த அளவு

கடையில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். பார்க்க வேண்டியது வளர்ந்த அளவு. செரி பார்ப் ஐந்து சென்ரிமீற்றர், அதோடு நின்றுவிடும். ஏஞ்சலின் உடல் பதினைந்து சென்ரிமீற்றர் வரை வளரும், செட்டைகளோடு உயரம் இன்னும் அதிகம். வளர்ந்த ஏஞ்சல் நியோன் டெட்ராவை விழுங்கிவிடும். அது கோபமல்ல, பசி. வாய்க்குள் அடங்கும் எதையும் மீன் இரையாகவே பார்க்கும். தொட்டி சுத்தம் செய்யும் மீன் ஓரடிக்கு மேல் வளரும். அதன் கழிவே தொட்டியை அதிகம் அழுக்காக்கும். கோல்ட் பிஷ்ஷும் அப்படித்தான். அது குளிர்நீரை விரும்புவது, அதிகம் கழிப்பது, பெரிதாக வளர்வது. வெப்ப நாட்டுச் சிறுமீன்களோடு சேர்க்கக் கூடாது.

எங்கள் தொட்டி கணக்குப்படி 56 லீற்றர். மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக, 45 லீற்றர் அளவில்தான் தண்ணீர். ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாத மீன்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை இதற்குப் போதும்.

குணமும் கூட்டமும்

டைகர் பார்ப் கெட்ட மீன் அல்ல. அது கூட்டமாக வாழ்வது. எட்டு, பத்து ஒன்றாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி, யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும். நான் நான்கை மட்டும் வாங்கி, நீண்ட வாலுள்ள கப்பிகளோடு விட்டேன். பிழை என்னுடையது. இன்றுவரை பலர் செய்யும் தவறும் இதுதான்: வகைக்கு இரண்டு என்று வாங்குவது. கூட்டமாக வாழும் மீனை ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். தனித்துவிடப்பட்டால் சில ஒளிந்துகொள்ளும், சில மூர்க்கமாகும். இரண்டுக்கும் காரணம் பயமே.

ஆண் பைட்டர்கள் இரண்டை ஒன்றாக விடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விசிறி வால் கப்பியையும் அது எதிரியாக நினைத்துத் தாக்கக்கூடும். கப்பி வளர்ப்பவர்கள் ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் என்று விட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்களின் தொல்லையிலேயே பெண்மீன் களைத்துப்போகும்.

மேல், நடு, அடி என்று வாழும் மட்டத்தையும் பாருங்கள். எல்லாம் நடுவிலேயே நீந்தினால் நெருக்கடி. அடியில் மேயும் மீனுக்கும் நடுவில் நீந்தும் மீனுக்கும் சண்டை வர வாய்ப்புக் குறைவு.

இப்போது எங்கள் தொட்டியில் இருப்பவை எட்டு செரி பார்ப், அதாவது மூன்று ஆணும் ஐந்து பெண்ணும். அடியில் ஆறு புள்ளிக் கொரிடோராஸ். கொரிடோராசுக்கு மீசை மென்மையானது. கூரான கல் கூடாது, மணல் வேண்டும். மேலே மிதக்கும் தீனி அவற்றுக்கு எட்டாது என்பதால் மூழ்கும் தீனி போடுகிறோம். இரண்டு வகையும் எங்கள் மென்னீரையும் குளிரையும் தாங்குகின்றன. செடிகளும் ஒரு மரவேரும் வைத்திருக்கிறோம். ஒரு மீன் இன்னொன்றின் கண்ணிலிருந்து மறைய அவை உதவுகின்றன.

இந்தத் தீவின் மீன்கள்

செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தென்மேற்கின் ஈரவலய ஓடைகளில், காட்டு நிழலில் வாழ்வது. சிங்களத்தில் 'லே தித்தயா' என்பார்கள். பி. ஈ. பி. தெரணியகல 1929இல் இதற்கு அறிவியற் பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு அவர் பெயரிட்ட இன்னொரு சிறுமீனைச் சிங்களத்தில் 'ஹல்மல் தண்டியா' என்கிறார்கள். ஹல் மரத்தின் பூப்போன்றது என்பதே பொருள்.

இந்த ஹல்மல் தண்டியாவுக்கு எங்கள் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. காடழிப்பாலும் அலங்கார மீன் வியாபாரத்துக்காகப் பிடிக்கப்பட்டதாலும் இத்தகைய மீன்கள் அற்றுப்போகும் என்ற அச்சம் எழுந்தபோது, 1980களின் தொடக்கத்தில் சில இனங்களை அவற்றின் ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்து, நாவலப்பிட்டிக்கு மேலே கினிகத்தேனைப் பக்கத்தில் மகாவலிக்குச் சேரும் ஓடையில் விட்டுப் பார்த்தார்கள். முன்பு மகாவலியில் இல்லாத ஹல்மல் தண்டியா அங்கே நிலைத்துப் பெருகியது. எரிக் விக்கிரமநாயக்க அந்தப் பரிசோதனையின் முடிவுகளை 1990இல் வெளியிட்டார். பிறந்த ஓடையை விட்டு வந்த மீன் இன்னோர் ஓடையில் தங்கிவிட்டதை அம்மாவுக்குச் சொன்னபோது, "தண்ணி ஒத்துக்கொண்டிருக்கு" என்றார்.

ஆனால் அதை நாம் பார்த்துச் செய்யக்கூடாது. தண்ணீர், நிழல், ஏற்கெனவே அங்கே வாழும் மீன்கள் என எல்லாவற்றையும் ஆராய்ந்தவர்கள் செய்த வேலை அது. ஓடையில் வலை போட்டுத் தொட்டிக்கு மீன் பிடிக்காதீர்கள். இலங்கைக்கே உரிய பல இனங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பண்ணையில் பெருக்கிய செரி பார்ப் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். அதேபோல, வேண்டாத மீனை மகாவலியிலோ குளத்திலோ விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் மீன் இன்று நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது. எல்லாம் யாரோ இரக்கப்பட்டு விட்டவையும் தப்பியவையும்தான். எங்கள் டைகர் பார்ப்களைப் பெரிய தொட்டி உள்ள நண்பரிடம் கொடுத்தேன்.

கொண்டுவந்து விடும் முறை

புதுத் தொட்டியில் அன்றே மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் வடிகட்டியில் வளர நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியின் பழைய பஞ்சு சிறிது கிடைத்தால் நாட்கள் குறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள்.

சாதுவான மீன்களை முதலில் விடுங்கள். இடத்துக்குச் சண்டை பிடிக்கும் மீன் இருந்தால் கடைசியில். முதலில் வருவது தொட்டி முழுவதும் தனதென்று நினைத்துக்கொள்ளும். புதிய மீனை இரண்டு வாரம் வேறாக வைத்து, நோய் இல்லையென்று பார்த்துச் சேருங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு மீன் இன்னொன்றை விடாமல் துரத்தினால், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றை உடனே வெளியே எடுங்கள். அதற்காக ஒரு வாளியும் சிறு வலையும் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கிறேன். அம்மா சொல்லித்தான் வைத்தேன். இப்போதும் படுக்கப் போக முன் அவர் மீன்களை எண்ணுவார். பதினான்கும் இருந்தால்தான் விளக்கை அணைக்கச் சொல்வார்.