யோசனையைச் சொல்லலாமா? சொல்லும் முன் கவனிக்க வேண்டியவை

குக்கரின் கைப்பிடி சுடுகிறது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பெரியவர்களால் படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கிறது. இத்தகைய குறைகள் அன்றாடம் பயன்படுத்துபவருக்குத்தான் முதலில் தெரியும். இவற்றைத் தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்ல வேண்டும். அது பிறருக்கும் நன்மை தரும். ஆபத்தான குறையாக இருந்தால் சொல்லாமல் இருப்பது முறையல்ல. இதற்குக் கூலி எதிர்பார்க்கவும் தேவையில்லை.

ஆனால் குறையைச் சொல்வது வேறு. அதைத் தீர்க்கும் புதிய கருவியையோ செய்முறையையோ உருவாக்கிக் கொடுப்பது வேறு. கேட்காமல் வரும் யோசனைகளுக்குப் பணம் தர மாட்டோம், இரகசியமும் காக்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் தம் நிபந்தனைகளில் எழுதி வைத்துள்ளன. இந்தியாவின் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. புதிய கண்டுபிடிப்பாக இருந்தாலும், விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியிட்டால் உரிமை கைநழுவக்கூடும். தற்காலிக விண்ணப்பம் கொடுத்துவிட்டால், முழு விவரத்தையும் தாக்கல் செய்ய 12 மாத அவகாசம் கிடைக்கும். சென்னை கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் உள்ளது.

யோசனை தந்தவருக்குப் பங்கு கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. டென்மார்க்கின் லெகோ பொம்மை நிறுவனம், வாடிக்கையாளர் உருவாக்கிய வடிவம் 10,000 பேரின் ஆதரவைப் பெற்றால் அதைப் பரிசீலிக்கிறது. அது விற்பனைக்கு வந்தால், நிகர விற்பனையில் 1 சதவீதம் அவருக்குக் கிடைக்கும்.

எனவே குறைகளைத் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் பிள்ளை புதிதாக ஒன்றை உருவாக்கியிருந்தால், முதலில் விண்ணப்பியுங்கள். நிபந்தனைகளைப் படித்த பிறகே நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.