துளசிக்குள்ள பல் டாக்டர் வாசனை!

பல் டாக்டர் கிளினிக் கதவைத் திறந்ததுமே ஒரு வாசனை வந்து அடிவயித்தைக் கலக்குமே... ஞாபகம் இருக்கா? அந்த ஆசாமியோட பேரு யூஜினால். கிராம்பு எண்ணெய்ல பெரும்பகுதி இவர்தான். பல் ஓட்டையைத் தற்காலிகமா அடைக்கிற சிமென்ட்டுக்கு ஸிங்க் ஆக்ஸைடோட கலக்குறதும் இவரைத்தான். இதே யூஜினால் நம்ம வீட்டுத் துளசி மாடத்துலயும் குடியிருக்கார்! துளசி இலையை மென்னா கிராம்பு மாதிரி சுர்ருனு இருக்குறது அவரோட உபயம்தான்.

‘வாசனைச் செடிதானே, என்ன பெரிய விஷயம்?’னு நினைக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ்... ஒவ்வொரு இலையும் ஒரு மினி கெமிக்கல் ஃபேக்டரி. வாங்க, ஒரு இண்டஸ்ட்ரியல் விசிட் அடிக்கலாம்!

அஞ்சு கார்பன் செங்கல்!

வாசனை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் எந்தச் சொந்தமும் இல்லை. நல்லெண்ணெய் ஒரு சொட்டு பேப்பர்ல விழுந்தா கறை அங்கேயே தங்கிடும். சுத்தமான வாசனை எண்ணெய் பெரும்பாலும் அப்படியே ஆவியாகிப் பறந்துடும்.

இந்த எண்ணெய்கள்ல அதிகமா இருக்குறது ‘டெர்பீன்’ குடும்பம். ஐசோபிரீன்ங்கிற அஞ்சு கார்பன் யூனிட்தான் இதுக்குச் செங்கல். ரெண்டு செங்கல் சேர்ந்தா 10 கார்பன், மூணு சேர்ந்தா 15 கார்பன். இந்தக் குடும்பத்தை ஆராய்ஞ்சு ஒழுங்குபடுத்தின ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வாலக், 1910-ல நோபல் பரிசே வாங்கினார்.

10 கார்பன் ஆசாமிகள் சட்டுனு பறந்துடுவாங்க. எலுமிச்சைப் புல்லைக் கசக்கினதும் குப்புனு வாசனை ஏறுதே, அது சிட்ரால்... 10 கார்பன் பார்ட்டி. வெட்டிவேர்ல நிறைய 15 கார்பன் வெயிட் பார்ட்டிகள். அதான் மெதுவா எழுந்து நிதானமா நடக்குறாங்க. வெட்டிவேர் விசிறியில வாசனை நாள்கணக்கா நிக்கிற ரகசியம் இதுதான்!

மூக்குதான் முதல் லேப்!

ஒரு எண்ணெய்ல என்னென்ன இருக்குனு கண்டுபிடிக்க, இன்னிக்கு ‘ஜிசி-எம்எஸ்’னு ஒரு மெஷின் இருக்கு. எண்ணெயை ஆவியாக்கி, மூலக்கூறுகளைத் தனித்தனியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் அடையாள அட்டை கொடுக்கும்.

அந்த மெஷின் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மாளுங்க ஒரு செடிக்கு ‘ஓமவல்லி’னு பேர் வெச்சுட்டாங்க. ஓமத்துல இருக்குறது தைமால். ஓமவல்லி எண்ணெய்ல முக்கியமானவங்க தைமாலும் கார்வக்ராலும். ரெண்டுக்கும் ஃபார்முலா ஒண்ணுதான்... ஓஹெச் குரூப் உட்கார்ற இடம் மட்டும்தான் வேற! அதே செடியைக் ‘கற்பூரவள்ளி’னும் சொல்றோமே, அந்தப் பேர்ல இருக்குற கற்பூரத்துக்கும் இதோட மெயின் சரக்குக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு கூத்து. தோட்டத்துப் புதினா வாசனைக்குக் காரணம் கார்வோன். சதகுப்பை விதை வாசனைக்கும் காரணம் கார்வோன்தான். ஆனா, ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம். இடது கை, வலது கை மாதிரி. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்ம மூக்கு கரெக்ட்டா பிடிச்சுடுது!

232 டிகிரி... 100-லயே அவுட்!

தைமாலோட கொதிநிலை 232 டிகிரி. ஆனா, ஓமத்தைத் தண்ணியோட காய்ச்சினா 100 டிகிரியைத் தொடறதுக்குள்ளேயே ஆவியோட கிளம்பி வந்துடுது. எப்படி?

தண்ணியும் எண்ணெயும் ஒட்டாத ஜோடி. ரெண்டும் தனித்தனியா ஆவி அழுத்தம் கொடுக்கும். ரெண்டு அழுத்தத்தையும் கூட்டினா வெளிக்காத்தோட அழுத்தத்துக்குச் சமமாகுதா... உடனே கொதி வந்துடும்! எண்ணெய் கொஞ்சமா உதவினாலே போதும், தண்ணியோட கொதிநிலைக்குக் கீழேயே வேலை முடிஞ்சுடும். செமஸ்டர்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ற இந்த ‘ஸ்டீம் டிஸ்டிலேஷனை’த்தான் ஊட்டிப் பக்கம் தைலம் காய்ச்சுறவங்க பாய்லர் வெச்சுப் பண்றாங்க.

அங்கே வர்ற நீலகிரித் தைலத்துல ஹீரோ, சினியோல். மருந்துத் தரத்துக்கு அது குறைஞ்சது 70 சதவிகிதம் இருக்கணும்ங்குது ஐரோப்பிய மருந்துத் தரநூல். ஆனா, எலுமிச்சை வாசனை அடிக்கிற இன்னொரு வகை யூகலிப்டஸ்ல ஹீரோவே வேற... சிட்ரோனெல்லால். பாட்டில்ல வெறுமனே ‘யூகலிப்டஸ்’னு போட்டா பத்தாதுங்கிறது இதனாலதான்.

நேச்சுரல்னா சேஃப்பா?

இங்கேதான் கொஞ்சம் சீரியஸா பேசணும். ‘நோ கெமிக்கல்ஸ், ஒன்லி ஹெர்பல்’னு லேபிள் பார்த்ததும் நாம கவுந்துடுறோம். மேலே சொன்ன யூஜினால், தைமால், சினியோல்... எல்லாமே கெமிக்கல்தாங்க! இலைக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம், அளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. யூகலிப்டஸ் இலையில தோராயமா 1 சதவிகிதம் எண்ணெய்னு வெச்சுக்கங்க. 5 மில்லி எண்ணெய்க்கு அரைக் கிலோ இலை வேணும்! ஆவி பிடிக்க நாலு இலை போடுறதும், ஒரு ஸ்பூன் தைலமும் ஒண்ணாகுமா?

வாண்டுங்க இருக்குற வீட்டுல இது விளையாட்டு இல்லை. யூகலிப்டஸ் எண்ணெயைச் சில மில்லி விழுங்கினாலே குழந்தைக்கு மயக்கம், வலிப்புனு போயிடலாம். கற்பூரமும் அப்படித்தான். கிராம்பு எண்ணெய் கல்லீரலையே பதம் பார்த்துடும். அப்படி ஏதாவது நடந்தா, வாந்தி எடுக்க வைக்காதீங்க. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும் ஆபத்து இருக்கு. பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அடுத்த தடவை கடைக்குப் போனா, இந்த மூணு கேள்வியையும் பாட்டில்கிட்ட கேளுங்க:

* எந்தச் செடி? தாவரவியல் பேர் இருக்கா?

* இலையா, பூவா, விதையா... எதுல இருந்து எடுத்தது?

* முக்கியமான பொருள் எது, எத்தனை சதவிகிதம்?

மூணுக்கும் பதில் சொல்லாத பாட்டிலை ஷெல்ஃப்லயே விட்டுடுங்க. வாங்கினதை, வீட்டுல இருக்குற குட்டிப் பசங்களுக்கு எட்டாத உயரத்துல வையுங்க!