டிக்கெட் இல்லாத மைதானம்

டூர் டி பிரான்ஸ் பார்க்க டிக்கெட் தேவையில்லை. ஜூலை மாதம் மூன்று வாரம், 21 கட்டங்களாக, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் ஓடும் இந்தச் சைக்கிள் பந்தயத்துக்கென்று தனி மைதானமும் கிடையாது. கோதுமை வயலோரம், கடைத்தெரு, ஆல்ப்ஸ் மலைப்பாதை என்று எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம். இருபதுக்கும் மேற்பட்ட அணிகள், அணிக்கு 8 பேர். உலகின் தலைசிறந்த வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோவார்கள்.

1903இல் ஆன்ரி டெக்ரான்ஜ் என்ற ஆசிரியர் தன் ‘லோட்டோ’ நாளிதழின் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய பந்தயம் இது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. 1919 முதல் முன்னணி வீரருக்கு மஞ்சள் பனியன் கொடுப்பதும் அதனால்தான் என்பார்கள். சாலையில் நிற்பவருக்குப் பந்தயத்தின் ஒரு துளிதான் கண்ணில் படும். முழுக் கதையும் தெரிய மறுநாள் பத்திரிகை வாங்கியாக வேண்டியிருந்தது. இன்று அந்த இடத்துக்குக் கைபேசி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே, எங்கே நிற்பது என்பதுதான் ரசிகர் எடுக்கிற பெரிய முடிவு. சமதளத்தில் வீரர்கள் கூட்டமாக மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் பறப்பார்கள். காலையிலிருந்து காத்துக் கிடந்தவருக்குக் கிடைப்பது அரை நிமிடம். காற்று முகத்தில் அறையும், சக்கரங்களின் இரைச்சல் கேட்கும், வண்ணங்கள் கலந்தோடும், முகம் ஒன்றும் தெரியாது. மலைக்குப் போனால் நிலைமை வேறு. ஏற்றத்தில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கூட்டம் சிதறி, ஒவ்வொருவராக வருவார்கள். வியர்வை சொட்டுவதும், வாய் பிளந்து மூச்சு வாங்குவதும், தொடை நரம்பு புடைத்திருப்பதும் கண்முன் நடக்கும். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே அரை மணி நேரம்கூட ஆகலாம். முதன்முறையாகப் போகிறவர் மலையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மலைகளில் ரசிகர்கள் அதிகம் பேசுவது ஆல்ப் டுவேஸ் பற்றித்தான். 13.8 கிலோமீட்டர் ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரிச் சரிவு 8 விழுக்காடு. 1952இல் பந்தயம் முதன்முதலாக இங்கே ஏறியபோது வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. 1976 முதல் 1989 வரை நெதர்லாந்து வீரர்கள் இங்கே 8 முறை வென்றார்கள். மலையே இல்லாத நாட்டுக்காரர்கள் இந்த மலையைச் சொந்தம் கொண்டாட வேறென்ன வேண்டும்? ஏழாம் வளைவு இன்றும் அவர்கள் கோட்டைதான். சில நாள் முன்னதாகவே வேன்களோடு வந்து இடம் பிடித்துவிடுவார்கள். பந்தய நாளில் அந்த வளைவு முழுக்க ஆரஞ்சு நிறம். பாட்டும் ஆட்டமும் அடங்காது. பெயின்ட் டப்பாவும் ரோலருமாகத் தார்ச்சாலையில் அபிமான வீரர்களின் பெயரை ஆளுயரத்துக்கு எழுதி வைப்பார்கள். சாலையைப் பல மணி நேரம் முன்பே மூடிவிடுவதால், தாமதமாக வருகிறவர்கள் நடந்தோ சைக்கிள் மிதித்தோதான் மேலே ஏற வேண்டும்.

காத்திருக்கும் நேரம் வீணாகப் போவதில்லை. வீரர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். 1930இல் நிறுவன அணிகளை நீக்கிவிட்டு நாட்டு அணிகளைக் கொண்டுவந்தபோது செலவு முழுவதும் டெக்ரான்ஜ் தலையில் விழுந்தது. அதை ஈடுகட்டப் பிறந்ததுதான் இந்த ஊர்வலம். தொப்பி, சாவிக்கொத்து, மிட்டாய்ப் பொட்டலம், சின்னச் சின்ன சாசேஜ் பாக்கெட் என்று வண்டியிலிருந்து வீசிக்கொண்டே போவார்கள். அதைப் பிடிக்கக் குழந்தைகளோடு தாத்தா பாட்டிகளும் போட்டி போடுவார்கள்.

ஊர்வலம் போனபின் சற்று அமைதி. பிறகு அடிவாரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், பந்தய இயக்குநரின் சிவப்புக் கார், அதன் பின்னால் வீரர்கள்.

அவர்கள் வீசியெறியும் காலித் தண்ணீர் பாட்டில்தான் ரசிகருக்குக் கிடைக்கிற பெரிய பரிசு. பாதுகாப்பையும் குப்பையையும் காரணம் காட்டி, 2021இல் சர்வதேசச் சைக்கிள் சங்கம் கண்ட இடத்தில் பாட்டில் வீசுவதைத் தடை செய்தது. சில நாட்களிலேயே, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் ரசிகர்கள் பக்கம் பாட்டிலை வீசியதற்காக சுவிஸ் வீரர் மிக்கேல் ஷேர் வெளியேற்றப்பட்டார். அவர் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். 1997இல் பெற்றோருடன் டூர் பார்க்கப் போன சிறுவனான தனக்கு போல்ட்டி அணியின் மஞ்சள் பாட்டில் ஒன்று கிடைத்தது; வீரனாகும் ஆசையை அதுதான் வளர்த்தது என்பது அதன் சாரம். அந்த மாதமே தண்டனை தளர்த்தப்பட்டது. ரசிகரையும் வீரரையும் பிணைக்கிற பொருளை இவ்வளவு எளிமையாக யாரும் விளக்கியதில்லை.

இந்த நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு. 1999இல் ஆல்ப் டுவேஸில் வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த ஜுசெப்பே குவெரினியை, படம் எடுக்கச் சாலை நடுவே நின்ற ரசிகர் ஒருவர் மோதித் தள்ளிவிட்டார். குவெரினி எழுந்து ஓட்டி வென்றார். 2018இல் அதே மலையில் விழுந்த வின்சென்ஸோ நிபாலிக்கு முதுகெலும்பு முறிந்தது. பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது. 2021இல் முதல் நாளே, தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையை டிவி கேமராவுக்குக் காட்டிய ஒரு பெண், வீரர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அட்டை ஒருவர் மேல் பட்டது. பின்னால் வந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் சரிந்தார்கள். நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் விதித்தது. கேமரா வழியே பார்க்கும்போது தூரம் ஏமாற்றும். வீரர் நெருங்கும்போது கைபேசியை இறக்கிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துவிட வேண்டும். கைதட்ட இரு கைகளும் காலியாக இருக்கட்டும்.

முன்னணி வீரர்கள் போனதும் பலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. பின்னால்தான் சமதளத்தில் மின்னல் வேகம் காட்டும் வேக வீரர்கள், கனத்த உடலை இழுத்துக்கொண்டு, கூட்டமாக ஒருவருக்கொருவர் துணையாக வருவார்கள். வென்றவரின் நேரத்தைக் கணக்கிட்டு வகுத்த கெடுவுக்குள் மேலே சேராவிட்டால் அவர்கள் வெளியேற வேண்டியதுதான். கைதட்டல் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

கெடு மட்டுமல்ல, பட்டமும் இங்கே நொடிக் கணக்கில் முடிவாகும். 2022இல் புத்துயிர் பெற்ற பெண்களுக்கான டூர், 2024 ஆகஸ்ட் 18 அன்று ஆல்ப் டுவேஸில் முடிந்தது. நெதர்லாந்தின் டெமி வோல்லரிங் காலையில் முதலிடத்தைவிட 1 நிமிடம் 15 நொடி பின்தங்கியிருந்தார். அன்றைய வெற்றியும் அவருடையது. வென்றவருக்கான 10 நொடிச் சலுகையும் கிடைத்தது. மஞ்சள் பனியன் அணிந்த போலந்தின் காஷா நியவியடோமா நான்காவதாக, 1 நிமிடம் 1 நொடி கழித்து வந்து சேர்ந்தார். கூட்டிக் கழித்தபோது நியவியடோமாவுக்கு 4 நொடி மிச்சம் இருந்தது, பட்டம் அவருக்கு.