ஓட்டுநரிடம் சொல்லலாம், போனில் சொல்லக்கூடாது

சென்னைக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது எளாவூர். சோதனைச் சாவடியின் புண்ணியத்தில் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஊர். அங்கே வசிக்கும் ஒருவர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு செயலியில் வாடகைக் கார் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார் வந்து நிற்கிறது. ஓட்டுநர் கேட்கும் முதல் கேள்வி: "சார், ஓடிபி சொல்லுங்க." நான்கு இலக்கத்தைச் சொன்னதும் வண்டி கிளம்புகிறது.

யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கைதான். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி சொல்கிறது, காவல்துறை சொல்கிறது, காலர் ட்யூன்கூட ஒரு காலத்தில் சொன்னது. நாமோ முன்பின் தெரியாத ஒருவரிடம் கார் கதவைத் திறந்துகொண்டே சத்தமாக ஒப்பிக்கிறோம். அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு எண்கள் உலவுகின்றன, அவ்வளவுதான்.

ஓட்டுநர் கேட்பது பயண எண். 0000 தொடங்கி 9999 வரை 10,000 வாய்ப்புகள். விநாடிக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் 2 மணி 47 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மூர் மார்க்கெட்டில் மின்சார ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி போய்த் திரும்ப ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பூட்டு என்று பார்த்தால் மட்டமான பூட்டு. ஆனால் இதன் வேலை பூட்டுவது அல்ல. கம்பெனி வாசலில் பத்துப் பேர் நிற்க, பத்து வெள்ளைக் கார் வர, ஆள் மாறி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான். பயணம் தொடங்கியதும் எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. பக்கத்தில் நின்றவர் காதில் விழுந்தாலும் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று உள்நுழைவு எண். புதிய போனில் கணக்கைத் திறக்கும்போது எஸ்எம்எஸ்ஸில் வருவது. சில செயலிகளில் ஆறு இலக்கம், சிலவற்றில் இதுவும் நான்குதான். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்பு. விநாடிக்கு ஒன்றாக, தூங்காமல் முயன்றாலும் 11 நாளுக்கு மேல் ஆகும். எண்ணின் ஆயுளோ சில நிமிடம். நாலைந்து முறை தப்பாகப் போட்டால் கதவு மூடிவிடும். எனவே எந்தத் திருடனும் இதை ஊகிப்பதில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

எப்படி? தன் போனில் அசல் செயலியைத் திறந்து உங்கள் கைபேசி எண்ணைப் போடுகிறான். நிறுவனத்தின் கணினி உங்களுக்கு ஓடிபி அனுப்புகிறது. அடுத்த நொடி அழைப்பு வருகிறது. பயணி என்றால், "உங்களுக்கு ரீஃபண்ட் வரணும் மேடம், அந்த நம்பரைச் சொல்லுங்க." ஓட்டுநர் என்றால், "அண்ணே, உங்க ஐடி பிளாக் ஆகப்போகுது, கோடு வந்திருக்கும் பாருங்க." ஓட்டுநர் கணக்கு கையில் கிடைத்தால் அவருடைய வருமானத்தை வேறு வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிட முடியும் என்பதால் அவர்கள்மேல் தனிக் குறி. இதில் வந்த எஸ்எம்எஸ் அசல், அனுப்பிய நிறுவனம் அசல், எண்ணும் அசல். கேட்பவன் மட்டும் போலி.

அந்த அசல் எஸ்எம்எஸ்ஸுக்குப் பின்னால் பெரிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அனுப்புநர் பெயருக்கு முன்னால் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து தொலைபேசி நிறுவனம், இரண்டாவது வட்டாரம். 'ஏடி' என்றால் ஏர்டெல் டெல்லி. 'ஜேஎக்ஸ்' என்றால் ஜியோ கர்நாடகம். நிறுவனங்கள் தங்கள் பெயரை மட்டுமல்ல, அனுப்பப்போகும் வாசகத்தையே முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதி. எண், பெயர் போன்ற மாறும் இடங்களுக்குத்தான் கோடிட்ட இடம். ஒவ்வொரு செய்தியும் கண் இமைக்கும் நேரத்தில் அந்தப் பதிவோடு ஒப்பிடப்படுகிறது. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சல்லடையை முழுதாகப் போட்டபோது நாடு முழுக்க அசல் ஓடிபிகளே மாட்டிக்கொண்டன. ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

சல்லடைக்குத் தப்பும் வழியும் உண்டு. பழைய 2ஜி முறையில் போன் தன்னைக் கோபுரத்திடம் நிரூபிக்க வேண்டும்; கோபுரம் போனிடம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு, 'நான்தான் கோபுரம்' என்று சுற்றியுள்ள போன்களை 2ஜிக்கு இறக்கி, இஷ்டப்பட்ட பெயரில் செய்தி அனுப்பலாம். 2024-இல் பிரிட்டனில் இப்படி ஒரு கருவி தொடர்பாக இரண்டு பேர் கைதானார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 2ஜியை அணைக்கும் பொத்தான் இருப்பது இதற்காகத்தான்.

அப்படி வரும் செய்தியில் ஒரு இணைப்பு இருக்கும். போலிப் பக்கத்தைக் காட்டி ரகசியத்தைப் பிடுங்கும் இந்த வேலைக்கு ஃபிஷிங், அதாவது தூண்டில் மோசடி என்று பெயர். 'ஊபர்.காம்.பணம்திரும்ப.டாப்' என்றொரு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் முதலில் வாடகைக் கார் நிறுவனமான ஊபரின் பெயரைப் பார்த்து நிம்மதியடைகிறது. ஆனால் இணைய முகவரி தபால் முகவரி மாதிரி. தெருப் பெயர் முன்னால், மாவட்டம் கடைசியில். காந்தி தெரு எந்த ஊரில்தான் இல்லை? இங்கே உரிமையாளர் 'பணம்திரும்ப.டாப்' என்பதை வாங்கியவர். அதற்கு இடப்பக்கம் அவர் ஊபர் என்றும் எழுதலாம், உச்ச நீதிமன்றம் என்றும் எழுதலாம்.

ஏமாறுவது சாதாரணப் பயனர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள்ளேயே ஒருவன் நுழைந்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் அவன் கையில் இருந்தது. 'உள்ளே வருவது நீங்கள்தானா?' என்ற ஒப்புதல் கோரிக்கை அவருடைய போனுக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தது. ஊழியர் மறுத்தார், மறுத்தார், கடைசியில் ஒருமுறை ஒப்புக்கொண்டார். அலுப்புக்கு எதிராக எந்தக் கணக்கும் எடுபடவில்லை.

இத்தகைய ஏமாற்றுகளைப் பார்த்துப் பொறியாளர்கள் முன்பே வேறு திசையில் யோசித்திருந்தார்கள். மனிதனால் சொல்லவே முடியாத ரகசியம் ஒன்று இருந்தால்? அதுதான் பாஸ்கீ, கடவுச்சாவி எனலாம். அதன் அடிப்படைத் தரம் 2019-இல் வந்தது. 2023-இல் ஊபரும் அதை ஏற்றது. போன் ஒரு ஜோடி எண்களை உருவாக்குகிறது. ஒன்று நிறுவனத்துக்குப் போகிறது, மற்றது வெளியே காட்டப்படுவதே இல்லை. இந்த ரகசிய எண் சுமார் 77 இலக்கம் நீளும். வாசிக்கச் சொன்னாலும் உங்களால் வாசிக்க முடியாது, ஏனென்றால் உங்களுக்கே தெரியாது. உள்நுழையும்போது நிறுவனம் ஒரு புதிய எண்ணை அனுப்பும். நீங்கள் கைரேகை வைத்ததும் போன் அதன்மேல் ரகசிய எண்ணால் ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். ஜோடியின் மறுபாதியை வைத்து நிறுவனம் சரிபார்த்துக்கொள்ளும்.

இதைவிட அழகான நுணுக்கம் ஒன்று உண்டு. சாவி எந்த இணைய முகவரிக்கு உரியது என்பது சாவியோடு சேர்த்தே பதிவாகியிருக்கிறது. போலிப் பக்கம் அச்சு அசலாக இருந்து உங்கள் கண் ஏமாந்தாலும், போன் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. பொருந்தவில்லையா, அந்தப் பக்கத்துக்கு நீட்ட அதனிடம் சாவியே இல்லை.

ஒரே ஓட்டை: பல செயலிகள் 'வேறு வழியில் உள்நுழை' என்று பழைய எஸ்எம்எஸ் வழியையும் திறந்தே வைத்திருக்கின்றன. திருடன் அந்தப் பக்கமாக வருவான். எண்ணைச் சொல்லிப் பணமும் போய்விட்டது என்றால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் வங்கிகள் வழியாக அதை முடக்கப் பார்ப்பார்கள்.