உறுமியும் கடதாசியும்: 'கலா' இசைத்தொகுப்பு குறித்து

ஹேவாஹெட்டைத் தோட்டங்களில் தப்பின் ஓசையை அறியாதோர் இலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. அக்காலந்தொட்டுத் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும், காமன் கூத்தை நடத்திச் சென்றதும், இறந்தோரை வழியனுப்பியதும் தப்பே. ஆயினும் அதனை இசையென்று சபையில் வைத்துப் பேச நம்மவர் கூச்சப்பட்டே வந்துள்ளனர். பக்கீர் பாவாக்களின் றபானுக்கும் ஏறத்தாழ இதே கதிதான்.

இப்பின்னணியிலேயே, 2007 ஆகஸ்டில் வெளியான 'கலா' என்னும் இசைத்தொகுப்பை நாம் நோக்க வேண்டியுள்ளது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருட்பிரகாசத்தின் இரண்டாவது தொகுப்பு அது. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர்ச்சூழலில் சென்னைக்கும், பின்னர் 1986இல் அகதியாக மீண்டும் லண்டனுக்கும் சென்றவர் அவர். 2005இல் வெளியான முதல் தொகுப்புக்குத் தந்தையின் புனைபெயரான 'அருளர்' என்பதைச் சூட்டினார். ஈரோஸ் இயக்கத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரான அருளர், 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியருமாவார். இரண்டாவது தொகுப்புக்குச் சூட்டப்பட்டது, தையல் தொழிலால் பிள்ளைகளை வளர்த்த தாயாரின் பெயர்.

இத்தொகுப்பு உருவான விதம் ஒரு தடையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்ற பிரபல இசைத் தயாரிப்பாளருடன் பணியாற்றுவதே முதல் திட்டமாக இருந்தது. 2006இல் அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்படவே, அவர் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமெய்க்கா, அவுஸ்திரேலியா என்று அலைந்து பதிவுகளைச் செய்தார். ஸ்விட்ச் என்ற பிரித்தானிய இசைத் தயாரிப்பாளர் முக்கிய துணையாக இருந்தார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உறுமி மேளக் கலைஞர்களைக் குழுவாக அமர்த்தி ஒலிப்பதிவு செய்தார். 'பேர்ட் புளூ' பாடலின் முதுகெலும்பே அந்த உறுமிதான். 'தளபதி' படத்துக்கு இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாடலின் ஒலித்துண்டு 'பம்பூ பங்கா'வில் ஒலிக்கிறது. பப்பி லஹிரியின் 'டிஸ்கோ டான்ஸர்' பாடலொன்று 'ஜிம்மி'யாக மறுபிறவி எடுத்தது. வில்கானியாவின் பழங்குடிச் சிறுவர்களுக்கும், லண்டனில் வாழ்ந்த நைஜீரிய வம்சாவளி இளைஞர் ஒருவருக்கும் தனித்தனிப் பாடல்களில் இடமளிக்கப்பட்டது. விசா கிடைத்திருந்தால் இவற்றுட் பெரும்பகுதி நிகழ்ந்திருக்காது என்றே நாம் எண்ணுகிறோம்.

அமெரிக்கப் பட்டியலில் தொகுப்பு 18ஆம் இடத்தையே எட்டியபோதிலும், 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகை அதனை 2007ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தெரிவு செய்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலோ ஓராண்டு கழித்து, திரைப்பட முன்னோட்டம் ஒன்றின் வாயிலாகப் பரவி, அமெரிக்காவில் 4ஆம் இடத்தைப் பிடித்தது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் அது இடம்பெற்றது. நம்மவரிற் பலர் இப்பாடகியின் பெயரைக் கேள்வியுற்றதே அப்படத்துக்கு ரஹ்மானுடன் இணைந்து அவர் வழங்கிய பாடல் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பின்னர்தான்!

குடியேறிகளைக் குற்றவாளிகளாகக் காணும் அச்சத்தை எள்ளி நகையாடுவது 'பேப்பர் பிளேன்ஸ்'. அதிலுள்ள துப்பாக்கி வேட்டொலிகளைத் தொலைக்காட்சிகள் மாற்றியமைத்தன. இலங்கையில் எழுந்த கண்டனம் வேறுவகையானது: அவர் புலிகளை ஆதரிக்கிறார் என்பதே அது. பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று அவர் மறுத்தார். எனினும் அவரது ஆரம்பகாலப் படைப்புகளில் காணப்பட்ட புலி உருவங்களை, 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வெறும் அலங்காரமாகக் காண இயலாது. அந்த மனத்தாங்கல் நியாயமானது. அதனை இனவாதம் என்று தட்டிக்கழித்தல் தகாது.

ஆயினும் கடதாசியைப் பற்றிய அந்தப் பாடல் மலையகத்தாருக்கு அந்நியமானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்குமிடையே பங்கிடப்பட்டு, 2003இன் சட்டம் வரை ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இத்தோட்டங்களில் உண்டு. கடவுச்சீட்டைப் போலியாகத் தயாரிப்பதாகப் பாடகி கேலி பேசும்போது உலக இரசிகர்கள் சிரிக்கிறார்கள். லயத்துப் பெரியவர் ஒருவருக்கு அதன் பொருளை விளக்கினால், அவர் தகரப்பெட்டியைத் திறந்து தம் பழைய விண்ணப்பப் பிரதியை எடுத்துக் காட்டக்கூடும்.